‘ப்ளீஸ்’ போட்டுத்தான் கேட்டேன், அப்புறமும் ஏன் கோபம்?

வாசகிக்கு வயது 29. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சென்னையில் ஐந்து வருடம் வார்டில் வேலை பார்த்தார். பிறகு மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வு எழுதி இங்கிலாந்து போய், இப்போது எட்டு மாதம் ஆகிறது. அங்கே வடக்கே ஓர் ஊரில், அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ், சம்பள வரிசையில் பேண்ட் 5, அதாவது நர்ஸ் வேலையின் முதல் படி. கணவரும் மூன்று வயதுக் குழந்தையும் உடன் இருக்கிறார்கள்.

வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் போன மாதம் வார்டு மேனேஜர் தனியாக உட்காரவைத்து, “நீங்கள் பேசுவது சிலருக்குக் கட்டளை போடுவதுபோல இருக்கிறது” என்று சொல்லியிருக்கிறார். காரணம் மூன்று சம்பவங்கள். முதலாவது, உதவிப் பணியாளர் ஒருவரிடம் இவர் சொன்ன “ப்ளீஸ் சேஞ்ச் பெட் ஃபோர் ஷீட்ஸ் நௌ.” அந்த அம்மாள் முகம் சிவந்து மேனேஜரிடம் போய்விட்டார். இரண்டாவதில் பேசியவர் மேனேஜரே: “யூ மைட் வான்ட் டு ஹேவ் எ லுக் அட் த டிரெஸ்ஸிங் இன் பெட் சிக்ஸ்.” வேண்டுமானால் பார் என்கிறார், அவசரமில்லை என்று எண்ணி இவர் மருந்து ரவுண்டை முடிக்கப் போய்விட்டார். சாயங்காலம், “நான் சொல்லியும் ஏன் பார்க்கவில்லை?” என்ற கேள்வி வந்தது. மூன்றாவது, தங்கையின் வளைகாப்புக்கு மூன்று வாரம் லீவு கேட்ட மின்னஞ்சல். “கைண்ட்லி கிரான்ட் மீ லீவ் அண்ட் டூ த நீட்ஃபுல். டிக்கெட்ஸ் ஆர் ஆல்ரெடி புக்டு.” அனுப்பும்போது பயணத்துக்கு ஐந்து வாரம்தான் பாக்கி. பதில் இன்னும் வரவில்லை.

அன்றிலிருந்து வாயைத் திறந்தாலே முதல் வார்த்தை ‘சாரி’ என்கிறார். போன வாரம் இரவுப் பணியில் ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது டாக்டருக்கு ஃபோன் போட்டு, “சாரி டு டிஸ்டர்ப் யூ டாக்டர், இஃப் யூ ஆர் ஃப்ரீ, குட் யூ பாசிப்ளி கம் அண்ட் சீ?” என்று கேட்டிருக்கிறார். டாக்டர் வர நாற்பது நிமிடம் ஆனது. நல்லவேளையாக நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் அவர் கேட்டிருப்பது: “ப்ளீஸ் போடாமல் நான் பேசுவதே இல்லை. அப்புறமும் மரியாதை இல்லை என்றால் எப்படி? நிறத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்களா? உச்சரிப்புக்கு ஏதாவது கோர்ஸ் சேரட்டுமா? வேறு மருத்துவமனைக்கு மாறிவிடு என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?”

அன்புள்ள சகோதரிக்கு,

நடந்ததை வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் “என்னமோ சொன்னேன், கோபித்துக்கொண்டார்கள்” என்று எழுதுவார்கள், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் எது எங்கே இடறியது என்று தெளிவாகவே தெரிகிறது.

உச்சரிப்பு கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் சொன்னது அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது, புரிந்ததால்தான் கோபம். இலக்கணத்திலும் பெரிய பிழை இல்லை. நீங்கள் மரியாதை தெரியாதவரும் இல்லை. தமிழில் மரியாதையை எங்கே வைக்கிறோமோ அந்த இடம் ஆங்கிலத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சென்னை வார்டில் இதே வேலையை எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? “அக்கா, நாலாம் பெட்டு ஷீட்டக் கொஞ்சம் மாத்திடுங்க.” ஏவல்தான், ஆனால் யாரும் அதை ஏவலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘அக்கா’ ஒரு பக்கம் தாங்குகிறது, ‘கொஞ்சம்’ ஒரு பக்கம், கடைசி ‘ங்க’ ஒரு பக்கம். ஆங்கிலத்தில் அக்காவும் இல்லை, கொஞ்சமும் இல்லை, ‘ங்க’ வைக்க இடமே இல்லை. மூன்று வயதுக் குழந்தையும் ‘யூ’தான், தலைமை மருத்துவரும் ‘யூ’தான். மூன்றையும் உருவிவிட்டால் மிஞ்சுவது மொட்டையாக ஒரு “சேஞ்ச் த ஷீட்ஸ்”. அந்த மொட்டையை மறைக்கத்தான் முன்னால் ஒரு ‘ப்ளீஸ்’ ஒட்டுகிறோம்.

ஆங்கிலத்தில், அதுவும் பிரிட்டிஷ்காரர்களிடம், மரியாதை என்பது எதிரில் இருப்பவர் “முடியாது” என்று சொல்ல வழி விட்டுக் கேட்பது. உதவிப் பணியாளர் ஷீட்டை மாற்றித்தான் ஆக வேண்டும், அது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் மறுக்கும் உரிமை அவருக்கு இருப்பதுபோலக் கேட்க வேண்டும். நமக்கு இது நாடகம்போலத் தெரியும். அங்கே இது வணக்கம் சொல்வது மாதிரி, சொன்னால் யாரும் கவனிக்க மாட்டார்கள், சொல்லாவிட்டால் எல்லாரும் கவனிப்பார்கள்.

இடையில் ஒரு தகவல், நம் ஊர்ச் சம்பந்தம் இருப்பதால் சொல்கிறேன். மரியாதைப் பேச்சைப் பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் வெளியிட்டது. அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவில் மாயன் மக்கள் பேசும் செல்டால், அப்புறம் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் தமிழ். எவ்வளவு சுற்றிவளைத்துக் கேட்க வேண்டும் என்பது மூன்றைப் பொறுத்தது என்றார்கள்: எதிரில் இருப்பவர் எவ்வளவு நெருக்கம், யார் கை மேலே, கேட்கும் விஷயம் எவ்வளவு பெரியது. இந்தக் கணக்கு உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். மாமியாரிடம் நகையைக் கேட்பதும் தங்கையிடம் சீப்பைக் கேட்பதும் ஒரே மாதிரியா இருக்கும்? இங்கிலாந்தில் கணக்குப் போடும் விதம் கொஞ்சம் மாறுகிறது. அங்கே நர்ஸுக்கும் உதவிப் பணியாளருக்கும் நடுவில் மேல் கீழ் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது பேச்சில் தெரியக் கூடாது.

‘ப்ளீஸ்’ காலை வாருகிற இடம்

ஏவலுக்கு முன்னால் ‘ப்ளீஸ்’ வைத்தால் அறிவிப்புப் பலகை வாசித்தது போலிருக்கும். பின்னால் ‘நௌ’வும் சேர்ந்தால், பொறுமை போன டீச்சர் பேசுவது போலிருக்கும். உங்கள் வாக்கியத்தில் இரண்டும் இருந்தன. ‘கைண்ட்லி’ இன்னும் மோசம். நம் அலுவலகங்களில் அது பணிவு, பிரிட்டனில் பல பேர் காதில் அது எரிச்சல். ‘டூ த நீட்ஃபுல்’ ஒரு காலத்தில் அவர்கள் அலுவலகங்களிலும் புழங்கியதுதான். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை.

அதற்காக ‘ப்ளீஸ்’ வேண்டாம் என்று சொல்லவில்லை. கேன்டீனில் “எ டீ, ப்ளீஸ்” போதும், அதற்குமேல் எதுவும் வேண்டாம். வாடிக்கையான சின்ன விஷயங்களில், வாக்கியத்தின் கடைசியில், அது தன் வேலையைச் சரியாகச் செய்யும்.

வார்டில் உங்களுக்கு அடிக்கடி உதவப்போவது ‘குட் யூ’. ‘கேன்’ நிகழ்காலம், ‘குட்’ இறந்தகாலம் என்று பள்ளியில் படித்ததை இங்கே மறந்துவிடுங்கள். வேண்டுகோளில் ‘குட்’ வந்தால் அங்கே காலம் இல்லை, கொஞ்சம் எட்ட நின்று கேட்கிறோம், அவ்வளவுதான். அந்த ஷீட் விஷயத்தை இப்படிக் கேட்டிருக்கலாம்: முதலில் அவர் பெயர், பிறகு “குட் யூ கிவ் மீ எ ஹேண்ட் வித் பெட் ஃபோர் வென் யூ ஹேவ் ஃபினிஷ்டு தேர்?” அவர் கையில் ஏற்கெனவே ஒரு வேலை இருப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பது ‘வென் யூ ஹேவ் ஃபினிஷ்டு தேர்’ என்பதிலேயே தெரிந்துவிடுகிறது. ‘கிவ் மீ எ ஹேண்ட்’ என்றால் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டுப் போகவில்லை, நீங்களும் கூட நிற்கிறீர்கள் என்று பொருள். பெயர் ரொம்ப முக்கியம். அக்கா இருந்த இடத்தில் இப்போது அந்தப் பெயர்தான் இருக்கிறது. மேனேஜரையும் மூச்சுக்கு மூச்சு ‘மேடம்’ என்று கூப்பிடாதீர்கள், மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள்.

கேட்பது பெரிதாகப் பெரிதாக வாக்கியமும் நீளும். சார்ட்டை எடுத்துத் தரச் சொல்ல “கேன் யூ பாஸ் மீ த சார்ட்?” போதும். சனிக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொள்ளக் கேட்பது பெரிய விஷயம்: “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஸ்வாப் சாட்டர்டே வித் மீ.” இதைத் தலைகீழாக்கி, பேனா கேட்பதற்கு ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் பாசிப்ளி’ என்று இழுத்தால் நக்கலடிக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் ‘சாரி’ போடுகிறீர்களே, அதிலும் இந்த ஆபத்து உண்டு.

அவர்கள் கேட்பது கேட்பதுபோலவே இருக்காது

இரண்டாவது சம்பவத்தில் உங்கள் பக்கம் தவறு குறைவு. ‘யூ மைட் வான்ட் டு’ என்று மேலே இருப்பவர் சொன்னால் ‘செய்’ என்று அர்த்தம். ‘வென் யூ கெட் எ மினிட்’ என்றால் சீக்கிரம் என்று அர்த்தம். ‘குட் ஐ ஜஸ்ட் ஆஸ்க் யூ டு’ என்றால் கேள்வியே இல்லை, உத்தரவு. வழி விட்டுக் கேட்பது அவர்களுக்கு அப்படிப் பழகிவிட்டது. உத்தரவு போடும்போதும் அதே வடிவத்தில்தான் வரும். வெளியிலிருந்து வந்தவருக்கு இது எப்படித் தெரியும்? புண்ணுக்குக் கட்டிய கட்டைப் பார்க்க வேண்டிய விஷயத்தில் இவ்வளவு பூசி மெழுகியது சரியில்லை என்றே நான் சொல்வேன். அதை உங்கள் மேனேஜரிடம் நீங்களே சொல்லலாம்: “இஃப் சம்திங் இஸ் அர்ஜென்ட், ப்ளீஸ் டெல் மீ டைரக்ட்லி. ஐ வோன்ட் பி அஃபெண்டட்.” நல்ல மேனேஜர் என்றால் இதற்கு நன்றிதான் சொல்வார்.

அதுவரை சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி போதும்: “டு யூ வான்ட் மீ டு டூ தட் நௌ, ஆர் ஆஃப்டர் த டிரக் ரவுண்ட்?” இதைக் கேட்பதால் உங்களுக்கு ஆங்கிலம் வராது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எது முதலில் என்று கேட்கிற நர்ஸை எந்த வார்டிலும் மதிப்பார்கள்.

‘வுட் யூ மைன்ட்’ என்று யாராவது ஆரம்பித்தால் கவனம். “வுட் யூ மைன்ட் டூயிங் பெட் த்ரீஸ் ஆப்ஸ்?” (மூன்றாம் பெட்டுக்கு நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கிறீர்களா) என்பதற்கு ‘யெஸ்’ என்று சொன்னால், கணக்குப்படி ‘எனக்கு ஆட்சேபம் உண்டு’ என்று ஆகிவிடும். ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் விட்டுவிட்டு “ஷ்யூர், நோ பிராப்ளம்” என்று சொல்லுங்கள், எந்தக் குழப்பமும் வராது. முடியாதென்றால் வெறும் ‘நோ’ வேண்டாம். “ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் ஜஸ்ட் நௌ, ஐ ஆம் இன் த மிடில் ஆஃப் த டிரக் ரவுண்ட்” என்று காரணத்தோடு சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நீங்கள் அனுமதி கேட்கும் இடங்களும் உண்டு. “மே ஐ கம் இன், மிஸ்?” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே வார்டில் ‘மே ஐ’ அவ்வளவாகக் காதில் விழாது. “இஸ் இட் ஓகே இஃப் ஐ டேக் மை பிரேக் நௌ?” என்பதுதான் பழக்கம். யாராவது உங்களிடம் “குட் ஐ பாரோ திஸ்?” என்றால் ‘யெஸ், யூ குட்’ என்று சொல்லாதீர்கள், ‘யெஸ், ஆஃப் கோர்ஸ்’ அல்லது ‘கோ அஹெட்’. கேட்கும்போது ‘குட்’ வரலாம், கொடுக்கும்போது வராது.

லீவு: எது உரிமை, எது வேண்டுகோள்

இங்கே உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். அந்த மின்னஞ்சலில் குத்தியது ‘கைண்ட்லி’ இல்லை, ‘டிக்கெட்ஸ் ஆர் ஆல்ரெடி புக்டு’. மறுப்பதற்கு இருந்த வழியையும் அடைத்துவிட்டுப் போய் அனுமதி கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் “டிக்கெட் போட்டாச்சு சிஸ்டர்” என்பது கெஞ்சல். அங்கே அது நிர்ப்பந்தம்.

சட்டப்படியும் பார்த்துவிடலாம். வருடாந்தர லீவு உங்கள் உரிமை. உங்கள் சம்பள ஒப்பந்தப்படி இங்கிலாந்தில் சேர்ந்த புதிதில் வருடத்துக்கு 27 நாள், அதோடு பொது விடுமுறை 8 நாள். ஆனால் எந்தத் தேதியில் எடுப்பது என்பது உரிமை இல்லை, அதில் மருத்துவமனைக்கும் வாக்கு உண்டு. 1998ஆம் ஆண்டு வேலைநேர விதிகளின் பொது ஏற்பாடு, எத்தனை நாள் லீவோ அதைப்போல இரு மடங்கு முன்னறிவிப்பு. மூன்று வாரத்துக்கு ஆறு வாரம். நீங்கள் கொடுத்தது ஐந்து. மறுப்பதற்கு அவர்களுக்கும் கெடு உண்டு என்பது உண்மைதான், லீவு எத்தனை நாளோ அத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் முன்னறிவிப்பே குறைவாக இருக்கும்போது அந்த வாதத்தைக் கையில் எடுக்காதீர்கள். பல மருத்துவமனைகளுக்குத் தனி விதிகள் இருக்கும், ஒப்பந்தத்தையும் லீவு விதிகளையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

இப்போதே இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நம் வழக்கப்படி குடும்ப விவரத்தில் ஆரம்பித்து, சடங்கை விளக்கி, கடைசி வரியில் லீவைக் கேட்க வேண்டாம். முதல் வரியிலேயே விஷயம், பிறகு ஒரே வரியில் காரணம், பிறகு மாற்று வழி. “ஐ ஆம் சாரி, ஐ ஷுட் ஹேவ் செக்டு வித் யூ பிஃபோர் புக்கிங். வுட் த்ரீ வீக்ஸ் ஸ்டில் பி பாசிபிள்? இட் இஸ் எ ஃபேமிலி செரிமனி ஃபார் மை சிஸ்டர். இஃப் இட் இஸ் டிஃபிகல்ட், ஐ குட் மேனேஜ் வித் டூ.” வார இறுதி ஷிஃப்ட் எதையாவது ஈடாகச் செய்ய முடியுமென்றால் அதையும் சேருங்கள். இரண்டு வாரம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வளைகாப்பு ஒரு நாள்தானே. டிக்கெட் தேதியை மாற்றச் செலவாகும். ஆனால் எட்டு மாதத்தில் சம்பாதித்த நல்ல பெயருக்கு அந்தச் செலவு பெரிதில்லை.

நோயாளியிடம்

இதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நோயாளியிடம் அனுமதி கேட்பது அங்கே வெறும் நாகரிகம் இல்லை. எதைச் செய்வதற்கு முன்னும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்பது உங்களைப் பதிவு செய்திருக்கும் நர்ஸிங் கவுன்சிலின் நடத்தை விதி. “இஸ் இட் ஆல்ரைட் இஃப் ஐ செக் யுவர் பிளட் பிரஷர்?” என்று கேட்டு, பதில் வரும்வரை கை போகக் கூடாது. கூட வேலை பார்க்கும் நர்ஸுகளைக் கவனித்துப் பாருங்கள், கடைசியில் ‘ஃபார் மீ’ என்று ஒன்று சேர்ப்பார்கள்: “கேன் யூ ரோல் ஆன் டு யுவர் சைட் ஃபார் மீ?” புத்தகத்தில் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் வயதானவர்களிடம் இந்த இரண்டு சொல் நிறைய வேலை செய்கிறது. முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர், புற்றுநோய் வந்து தானே நோயாளியாகப் படுத்திருந்தபோது, கவனிக்க வந்த பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கண்டு 2013இல் ‘ஹலோ, மை நேம் இஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அந்த வாசகத்தைப் பல மருத்துவமனைகளில் பெயர் அட்டையிலேயே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மறுத்தால் என்ன செய்வது என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள். “வுட் யூ லைக் யுவர் டேப்லெட்ஸ்?” என்றால் ‘நோ, தேங்க்ஸ்’ என்று வரும். “இட்ஸ் டைம் ஃபார் யுவர் டேப்லெட்ஸ், இஸ் நௌ ஓகே?” என்று கேட்பது நல்லது. அப்போதும் மறுக்கலாம், அது அவர் உரிமை. குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

நயம் வேண்டாத நேரம்

உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்தது அந்த இரவு ஃபோன்தான். மற்ற மூன்றும் மனஸ்தாபம், இது ஆபத்து.

“இஃப் யூ ஆர் ஃப்ரீ, குட் யூ பாசிப்ளி” என்று கேட்டால், டாக்டர் காதில் விழுவது ‘அவசரமில்லை’. நீங்கள் வழி விட்டீர்கள், அவர் அந்த வழியில் போனார். மறுக்கவோ தள்ளிப்போடவோ இடம் இருக்கக் கூடாத நேரத்தில், இடம் விடுகிற வடிவம் எதுவும் வாயில் வரக் கூடாது.

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே ஆவியான்கா 52 என்ற கொலம்பிய விமானம் விழுந்து நொறுங்கியது. காரணம், எரிபொருள் தீர்ந்துவிட்டது. வெகுநேரம் வானத்தில் வட்டமடிக்க வைத்திருந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்று விமானி கட்டுப்பாட்டு அறையிடம் சொன்னார், ஆனால் கேட்டவர் நிமிர்ந்து உட்காரும்படி ‘எமர்ஜென்சி’ என்ற சொல் கடைசிவரை வரவில்லை. விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விமானியின் தாய்மொழி ஸ்பானிஷ், பேசியது ஆங்கிலம். விஷயத்தைச் சொல்லிவிட்டோம் என்று பேசியவர் நினைத்தார், கேட்டவர் காதில் அது சாதாரணத் தகவலாகவே விழுந்தது.

வார்டில் உங்களுக்கு நியூஸ் ஸ்கோர் இருக்கிறது, மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் போன்றவற்றைப் பார்த்து நோயாளியின் நிலைக்குப் போடும் புள்ளி. மொத்தம் 5 வந்தால் அவசரமாக டாக்டர் பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரநிலை. அந்த எண்ணையே முன்னால் வையுங்கள். பெயர், வார்டு சொல்லிவிட்டு நேராக: “ஐ ஆம் கன்சர்ன்ட் அபௌட் பெட் டூ. ஹிஸ் நியூஸ் ஸ்கோர் இஸ் செவன். ஐ நீட் யூ டு கம் அண்ட் சீ ஹிம் நௌ.” ‘சாரி’ வேண்டாம், ‘இஃப்’ வேண்டாம், ‘பாசிப்ளி’ வேண்டாம். ‘ஐ நீட் யூ டு’ என்று டாக்டரிடம் சொல்வதா என்று தயங்காதீர்கள். இந்த இடத்தில் அதுதான் சரியான ஆங்கிலம். எப்போது வருவார் என்று கேட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இழுத்தால் “ஐ ஆம் நாட் கம்ஃபர்டபிள் வெயிட்டிங்” என்று ஒரு படி ஏறுங்கள். அப்போதும் அசையவில்லையா, “திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ. ஹூ எல்ஸ் கேன் ஐ கால்?” நிலைமை கைமீறினால் யாரிடமும் கேட்க வேண்டாம், மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் அவசர எண் 2222ஐ அழுத்துங்கள். வந்து பார்த்த பிறகு “தேங்க்ஸ் ஃபார் கமிங்” சொல்லுங்கள், மரியாதைக்கு அது போதும்.

அந்த நாற்பது நிமிடத் தாமதம் நோயாளியின் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மேனேஜரிடமும் சொல்லுங்கள், யாரையும் மாட்டிவிட இல்லை. ‘பணிவாகப் பேசு’ என்ற அறிவுரை உங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

நிறமா? வேலையை மாற்றுவதா?

நீங்கள் எழுதிய மூன்று சம்பவங்களில் பாகுபாடு எனக்குத் தெரியவில்லை. தனியாகக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று உதாரணத்தோடு சொல்லியிருக்கிறார். அது குறை திருத்தும் முறைதான். ஆனால் பாகுபாடு எப்படி இருக்கும் என்றும் தெரிந்து வைத்திருங்கள். உங்கள் உச்சரிப்பை யாராவது பேசிக் காட்டிச் சிரிப்பது, உள்ளூர்க்காரர் அதே வாக்கியத்தைச் சொன்னால் சும்மா இருந்துவிட்டு உங்களிடம் மட்டும் பாய்வது, நல்ல ஷிஃப்டும் பயிற்சியும் உங்களைத் தாண்டியே போவது. இனம், நிறம், நாடு பார்த்து வேலையிடத்தில் பாரபட்சம் காட்டுவது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி தவறு, வேலை வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். அங்கே போவதற்கான கெடு மாதக்கணக்கில்தான், வருடக்கணக்கில் இல்லை. அதனால் அப்படி ஏதாவது நடந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் யார் என்று அன்றே எழுதிவையுங்கள். நர்ஸுகள் யூனியனில் உறுப்பினராகவில்லை என்றால் இந்த வாரமே சேருங்கள். தைரியமாகப் பேச உதவும் ‘ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன்’ ஒருவர் உங்கள் மருத்துவமனையிலும் இருப்பார், யார் என்று விசாரித்து வையுங்கள்.

வீட்டுக்காரர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் விசா உங்கள் மருத்துவமனையின் பெயரில் இருக்கிறது. வேறு இடம் என்றால் விசாவுக்குப் பொறுப்பேற்கும் புதிய ஸ்பான்சர் கிடைத்து, புதிதாக விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகே மாற முடியும். கோபத்தில் முதலில் ராஜினாமா கொடுத்தால் விசாவைச் சுருக்கி, வழக்கமாக 60 நாள் கெடு கொடுப்பார்கள். அதற்குள் இன்னொரு வேலை, இல்லையென்றால் குடும்பத்தோடு விமானம். உங்களை அழைத்துவந்த செலவைத் திருப்பிக் கட்டும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதையெல்லாம் தாண்டி, புது மருத்துவமனையிலும் இதே ஆங்கிலம்தான் பேசுவார்கள். பழகுவதை இங்கேயே பழகிவிடலாம்.

அந்த உதவிப் பணியாளரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நீளமாக மன்னிப்பெல்லாம் வேண்டாம், டீ நேரத்தில் “ஐ டிடின்ட் மீன் டு சவுண்ட் பாஸி த அதர் டே” போதும். மேனேஜரிடம் பத்து நிமிடம் கேளுங்கள்: “குட் ஐ ஹேவ் டென் மினிட்ஸ் வித் யூ திஸ் வீக்?” அங்கே போய் மூன்றைச் சொல்லுங்கள்: கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டு வருகிறேன், அவசரமானதை என்னிடம் நேராகச் சொல்லுங்கள், அன்று இரவு இப்படி ஒன்று நடந்தது. லீவைப் பற்றி அந்தப் பத்து நிமிடத்தில் பேச வேண்டாம். அதற்குத்தான் மின்னஞ்சல் போயிருக்கிறதே.